அப்பாவுக்குச் சர்க்கரை, பிள்ளைகளுக்கு லீவு: வீட்டில் என்ன கலந்து கொடுக்கலாம்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: அப்பாவுக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை நோய், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் லீவு விட்டாச்சு, கடை கூல்டிரிங்ஸை நிறுத்திவிட்டு எலுமிச்சை, சாத்துக்குடி, தர்பூசணி என்று வீட்டிலேயே போட்டுக் கொடுக்கிறீர்கள், அதில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ தேனோ சேர்க்கிறீர்கள், இதைவிட இனிப்பு குறைவாக, எல்லோரும் முகம் சுளிக்காமல் குடிக்கிற மாதிரி என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். செய்முறை கேட்பது போல இருந்தாலும் உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது. இனிப்புப் பொருளை மாற்றினால் இனிப்பைக் குறைத்ததாக ஆகுமா என்பது. அதற்குப் பதில் சொல்லாமல் நான் பத்துப் பானம் எழுதினாலும் உங்கள் அப்பாவுக்குப் பயன் இருக்காது, அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். நான் மதுரையில் பதினேழு வருடமாக டயட்டீஷியனாக இருக்கிறேன், வருகிறவர்களில் பாதிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள், ஏப்ரல் மே வந்தால் தினமும் கேட்கிற கேள்வி இதுதான்.

ஆகாது. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம் மூன்றிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். தேனில் அது குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று பிரிந்து கிடக்கிறது, ரத்தத்தில் சேர்வதில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் இருப்பது உண்மை, ஆனால் ஒரு டம்ளரில் போடுகிற இரண்டு ஸ்பூனில் வருவது சொல்லும்படியான அளவு இல்லை. வாசனைக்காகக் கருப்பட்டி போடுங்கள், எனக்கும் அதுதான் பிடிக்கும், ஆனால் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று நினைத்துக் கூட ஒரு ஸ்பூன் போடாதீர்கள். (தேன் பற்றி ஒன்று: வீட்டுக்கு ஒரு வயது முடியாத குழந்தை யாராவது வந்தால் ஒரு சொட்டுகூட நாக்கில் தடவ வேண்டாம். அந்த வயதுக்கு அது ஆபத்து.)

எவ்வளவுதான் சாப்பிடலாம் என்றால், உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நாள் முழுக்கச் சாப்பிடும் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இந்தச் சேர்த்த இனிப்பு இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் கொண்டுவந்தால் இன்னும் நல்லது என்கிறது அது. 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம், அதாவது தலை தட்டிய டீஸ்பூனில் ஐந்து அல்லது ஆறு. இந்தக் கணக்கில் தேனும் பழச்சாறும்கூட உண்டு, முழுப் பழம் கிடையாது. சாதாரண கோலாவில் 100 மில்லிக்குப் பத்தரை கிராம் போல இருக்கும், 250 மில்லி பாட்டில் ஒன்று குடித்தால் அந்த 25 கிராம் அதோடு தீர்ந்தது.

வீட்டுப் பானம் இதற்குக் குறைந்ததில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். என் அறையில் சமையல் தராசு ஒன்று இருக்கிறது. வருகிறவர்களிடம் ஒரு டம்ளரும் சர்க்கரை டப்பாவும் கொடுத்து, வீட்டில் லெமன் ஜூஸுக்குப் போடுவது போல இதில் போடுங்கள் என்பேன். போன மாதம் ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், "மூணு ஸ்பூன்தான் சார் போடுவேன்" என்று சொல்லிக்கொண்டே மூன்று ஸ்பூன் போட்டார், ஒவ்வொன்றும் கோபுரம் மாதிரி குவிந்து நின்றது. தராசில் 23 கிராம். அவரே குனிந்து எண்ணைப் பார்த்துவிட்டு, டம்ளரை எடுத்துப் பாதியைத் திருப்பி டப்பாவில் கொட்டினார். ஸ்பூனை மாற்ற வேண்டாம், சர்க்கரையை மாற்ற வேண்டாம், கத்தியின் முதுகால் ஸ்பூனைத் தலை தட்டிப் போட்டாலே மூன்றில் ஒரு பங்கு குறையும். இன்று சாயங்காலமே செய்துவிடலாம்.

ஏன் அவ்வளவு போட வேண்டியிருக்கிறது என்று தெரிந்தால் குறைப்பதும் சுலபம். ஜில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு சரியாகத் தெரியாது. கேஸ் போய், வெதுவெதுப்பாகிவிட்ட கோலாவை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், பாகு மாதிரி இருக்கும். அதையே ஐஸில் வைத்துக் குடிக்கும்போது அளவான இனிப்பு போலத் தோன்றுகிறது. ஆக ஐஸ் கட்டிகளை நிறையப் போட்டால் சர்க்கரையும் நிறையப் போட வேண்டிவரும், பானைத் தண்ணீரின் குளிர்ச்சியில் கலந்தால் பாதி போதும். இரண்டாவது, ஒரு சிட்டிகை உப்பு கசப்பை அடக்கி இனிப்பை மேலே கொண்டுவரும். மூன்றாவது வாசனை. ஏலக்காய், நன்னாரி, ரோஜா மாதிரி நாம் இனிப்போடு சேர்த்தே பழகிய வாசனைகள் இருந்தால், இல்லாத இனிப்பையும் இருப்பது போல நாக்கு எடுத்துக்கொள்ளும். குளிர்ச்சியைக் குறை, உப்பு ஒரு சிட்டிகை, வாசனையைக் கூட்டு: நான் சொல்லித் தருகிற எல்லாப் பானமும் இந்த மூன்றில்தான் நிற்கிறது.

அப்பாவுக்கு முதல் பானம் நீர்மோர். யோசிக்கவே வேண்டாம். புளிக்காத தயிர் ஒரு கப், 150 மில்லி வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நான்கு மடங்கு தண்ணீர். மத்தால் கடைய வேண்டும், ஸ்பூனால் கலக்கினால் தயிர் திப்பி திப்பியாக மிதக்கும். ஒரு துண்டு இஞ்சி, பாதிப் பச்சை மிளகாய், ஒரு கொத்து கறிவேப்பிலை, கொஞ்சம் மல்லித்தழை, இதைக் கல்லில் வைத்து நசுக்குங்கள், மிக்ஸியில் அரைத்தால் பச்சை வாடை தூக்கலாகிவிடுகிறது. நசுக்கியதை மோரில் போட்டு, பெருங்காயத்தூள் ஒரு சிட்டிகை, உப்பு அரை டீஸ்பூன், பத்து நிமிடம் விட்டு வடிகட்டினால் நான்கு டம்ளர் கிடைக்கும். ஒரு டம்ளரில் பாலில் இருந்து வந்த லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, இரண்டு கிராமுக்கும் கீழேதான், சேர்த்த சர்க்கரை கிடையாது. காலை பதினோரு மணிக்கு ஒன்று, மதியம் மூன்று மணிக்கு ஒன்று என்று கொடுக்கலாம். ஆனால் அப்பாவுக்கு ரத்த அழுத்தமும் இருந்தால் உப்பைப் பாருங்கள். நாள் முழுக்க 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு, கோயில் பந்தலில் கொடுப்பது போல டம்ளருக்கு அரை ஸ்பூன் போட்டால் ஒரு டம்ளரிலேயே அதில் பாதி போய்விடும். பிரஷர் இருப்பவர்களுக்கு உப்பைக் கால் டீஸ்பூனாக்கி, கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்து கொடுப்பேன், உப்பு குறைந்தது யாருக்கும் தெரியாது.

பிள்ளைகளுக்கு நன்னாரி. கடையில் விற்கும் நன்னாரி சர்பத் பாட்டிலில் பெரும்பகுதி சர்க்கரைப் பாகு, அது அவ்வளவு கெட்டியாக இருப்பதால்தான் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கிறது. அதைக் குறைத்து ஊற்றினால் வாசனையும் குறைந்துவிடும், அதனால் வாசனையைத் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி வேர் 50 கிராம் வாங்குங்கள். மண் ஒட்டியிருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, உலக்கையால் லேசாகத் தட்டினால் மேல்தோல் பிளந்து உள்ளே இருக்கும் வெளிர்நிற நரம்பிலிருந்து கழன்று வரும். நரம்பில் வாசனை இல்லை, தூக்கிப் போட்டுவிடலாம். தோலைத்தான் மூக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், பக்கத்து அறையில் இருக்கிற பிள்ளைகூட என்ன வாசனை என்று எழுந்து வரும். அந்தத் தோலை ஒரு பாத்திரத்தில் போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீர் அரை லிட்டர் ஊற்றி மூடி, ராத்திரி முழுக்க வையுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட வேண்டாம், வாசனை ஆவியோடு போய்விடும். காலையில் வடிகட்டினால் வெளிர் பழுப்பில் ஒரு சாறு வரும், கடை பாட்டிலின் அந்தக் கருஞ்சிவப்பு வராது, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். ஒரு டம்ளருக்கு இந்தச் சாறு கால் டம்ளர், பானைத் தண்ணீர் மீதி, அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரை அல்லது கருப்பட்டி. நாலைந்து கிராமில் முடிந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை போடாமலே கொடுத்துப் பாருங்கள், வாசனையே பாதி வேலையைச் செய்துவிடும்.

பானகம் ராமநவமிக்கு மட்டும் செய்வதாக ஆகிவிட்டது, அது வருத்தம்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் வெல்லம், சுக்குத்தூள் அரை டீஸ்பூன், தட்டிய ஏலக்காய் நான்கு, மிளகுத்தூள் ஒரு சிட்டிகை, ஒன்றரை எலுமிச்சம்பழம், பத்துத் துளசி இலை. ஐந்து டம்ளர் வரும், டம்ளருக்கு ஏழு எட்டு கிராம் இனிப்பு. கோயிலில் கொடுப்பதைவிட இது நன்றாகவே இனிப்பு குறைவு, ஆனால் சுக்கும் ஏலக்காயும் தூக்கலாக இருப்பதால் நீர்த்துப்போனது போலத் தெரியாது. இது பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்தால் கொடுக்கத்தான், அப்பாவுக்குத் தினமும் வேண்டாம்.

பழச்சாறு பற்றி நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லிவிடுகிறேன். சாத்துக்குடி ஒரு டம்ளர் சாறு வர மூன்று பழம் பிழிய வேண்டும். மூன்று பழத்தை உரித்து உட்கார்ந்து சாப்பிடச் சொன்னால் இரண்டாவதிலேயே போதும் என்போம், நாரும் சேர்ந்து போவதால் வயிறும் நிறையும். சாறாகக் கொடுத்தால் அரை நிமிடத்தில் உள்ளே போய்விடும். சர்க்கரை போடாத சாறு என்றாலும் மூன்று பழத்தின் இனிப்பு அதில் இருக்கிறதே. ஆகவே அப்பாவுக்குப் பழம், சாறு வேண்டாம். தர்பூசணி கொஞ்சம் பரவாயில்லை, அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், 100 கிராமில் ஆறு கிராம் சர்க்கரைதான். ஒரு கை துண்டுகளைப் புதினாவோடு மசித்து, அதே அளவு தண்ணீர், எலுமிச்சை, மிளகு சேர்த்தால் டம்ளர் நிறைய வரும், சர்க்கரை தேவையே இல்லை. கரும்புச்சாறும் பதநீரும் இயற்கையானவைதான், ஆனால் இரண்டிலும் நூறு மில்லிக்குப் பத்து கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை உண்டு, கோலாவோடு சமம். பதநீர் எனக்கு உயிர், வருடத்தில் இரண்டு மூன்று முறை பனை ஓலைப் பட்டையில் வாங்கிக் குடிப்பேன், ஆனால் சர்க்கரை நோயாளிக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். நுங்கு கொடுக்கலாம், தண்ணீரோடு ஒன்றிரண்டு சுளை.

இளநீர் பற்றிக் கேட்பீர்கள். 100 மில்லிக்கு மூன்று கிராம் அளவில்தான் சர்க்கரை, ஒரு காய் தாராளமாகக் குடிக்கலாம், அதிலும் வழுக்கை அதிகம் விழாத இளசாக. ஒரே ஒரு நிபந்தனை, பொட்டாசியம் அதில் அதிகம். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தாலோ, பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்குகிற சில பிரஷர் மாத்திரைகளோ இதய மாத்திரைகளோ எடுத்தாலோ, டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. சர்க்கரை நோய் பல வருடம் இருந்தவர்களில் சிறுநீரகம் பழுதாவது சாதாரணம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அப்பாவுக்குக் கடைசியாகக் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தது எப்போது என்று எடுத்துப் பாருங்கள்.

கம்பங்கூழ், கேப்பைக் கூழ் இரண்டும் வெயிலுக்கு அருமை, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கடித்துக்கொண்டு குடித்தால் மதியம் வரை தாங்கும். ஆனால் அது பானம் இல்லை, சாப்பாடு. காலையில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு ஒரு சொம்பு கூழ் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். இட்லிக்குப் பதிலாகக் குடிக்கச் சொல்லுங்கள். நீராகாரம் அந்த அளவுக்குக் கனம் கிடையாது, சோற்றைப் பிழிந்து கரைக்காமல் மேல் தண்ணீரை மட்டும் எடுத்து மோர் விட்டுக் கொடுக்கலாம்.

இனி, எல்லோரும் உறுதியாகச் சொல்கிற, ஆனால் நான் அந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லாத விஷயங்கள். சப்ஜா விதை, பாதாம் பிசின், வெந்தயம் உடல் சூட்டைத் தணிக்கும் என்பார்கள். நான் படித்த படிப்பில் உடல் சூடு என்பது தெர்மாமீட்டரில் தெரிவது மட்டும்தான், சித்த மருத்துவத்தில் சொல்லும் சூடு வேறு, அதில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது: வெயிலில் உடம்பு தன்னைக் குளிர்விப்பது வியர்வையால், வியர்வைக்கு வேண்டியது தண்ணீர், ஆகவே எது போட்டால் நீங்கள் கூட ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பீர்களோ அது நல்லது. சப்ஜாவை ஒரு டீஸ்பூன் எடுத்து இருபது நிமிடம் ஊறவைத்தால் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணாடி மாதிரி வழவழப்பு கட்டும், அது நார்ச்சத்து, அதை மென்று குடிக்க நேரம் ஆகும், அதனால் மெதுவாகக் குடிப்பார்கள். அந்த அளவில் எனக்கு அது பிடிக்கும். சரியாக ஊறாத விதையைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் போய் ஊதி அடைத்துக்கொள்ளும். பாதாம் பிசினை ராத்திரி முழுக்க ஊறப் போட வேண்டும், அதற்கென்று ருசி கிடையாது, அதோடு ஊற்றுகிற பாலும் சிரப்பும்தான் இனிப்பைக் கொண்டுவருகிறது, எங்கள் ஊர் ஜிகர்தண்டா மாதிரி. வெந்தயம் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கும் என்பதற்குச் சின்ன அளவில் ஆய்வுகள் உண்டு, ஆனால் அதை நம்பி மாத்திரையைக் குறைத்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள், அந்த வேலை மட்டும் வேண்டாம்.

சர்க்கரைக்குப் பதில் போடும் மாத்திரை, சீனித்துளசிப் பொடி இவற்றிலும் இதே நிலைதான். எடை குறைப்பதற்கு இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொன்னது, ஆனால் ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. அப்பா இனிப்பே இல்லாமல் குடிக்க மறுத்தால் கொஞ்ச நாளைக்குப் போடுங்கள், தடுக்க மாட்டேன். பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், அந்த இனிப்பிலேயே நாக்கு நின்றுவிடுகிறது. அவர்களுக்கு வாரம் அரை ஸ்பூன் குறையுங்கள், சொல்லாமல் குறையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பழைய அளவில் போட்டுக் கொடுத்தால் அவர்களே திகட்டுகிறது என்பார்கள், இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

பானைத் தண்ணீர் என்று அங்கங்கே சொன்னேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மண் பானையின் சுவரில் கசிகிற தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மதுரை, வேலூர், திருச்சி போலக் காற்று உலர்ந்த ஊரில் நன்றாகக் குளிரும், சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடற்கரைப் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது, பானையைக் குறை சொல்ல வேண்டாம். காற்று வருகிற ஜன்னல் ஓரத்தில், மணல் பரப்பி அதன் மேல் வையுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, கழுவிய வெட்டிவேர் ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து போட்டால் அந்தத் தண்ணீரே பானம்தான். வேரை இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வழவழத்து நாற்றம் வரும். கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28, 29 வரை போகும், அதற்குள் பானை பழகிவிட வேண்டும் என்பதால் இப்போதே வாங்கிவிடுங்கள்.

இந்தப் பானங்கள் எதுவும் மருந்து இல்லை. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கோ வாந்தியோ என்றால் மோரும் இளநீரும் போதாது, ஓஆர்எஸ் (உப்பும் குளுக்கோஸும் கலந்த பொடி) பாக்கெட்டை முழுசாக, அதில் போட்டிருக்கிற அளவு தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில், கரைத்துக் கொடுக்க வேண்டும். அதில் சர்க்கரை இருக்கிறதே என்று குறைக்கக் கூடாது, உப்பைக் குடல் உறிஞ்சுவதற்கு அந்தக் குளுக்கோஸ்தான் துணை. ஓஆர்எஸ் என்ற எழுத்தைப் பெயரில் போட்டுக்கொண்டு இனிப்பு அதிகமான பானங்கள் மருந்துக் கடையிலேயே விற்றுக்கொண்டிருந்தன, 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை போட்டது, என்றாலும் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெயிலில் போய்வந்த ஒருவர் பேச்சு குழறி, உடம்பு கொதித்து, நிலை தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் நிழலில் படுக்கவைத்து, தண்ணீரால் உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு 108ஐக் கூப்பிட வேண்டும்.

அப்புறம், அப்பா இன்சுலின் போடுகிறாரா, மாத்திரை மட்டுமா என்று நீங்கள் எழுதவில்லை. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய சில மாத்திரைகளோ என்றால், வெயில் காலத்தில் பசி குறைந்து சாப்பாடு தள்ளிப்போகும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்தால் அந்த நேரத்தில் நீர்மோரும் சர்க்கரை போடாத நன்னாரியும் உதவாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்காகச் சமையலறையில் ஒரு டப்பா வெள்ளைச் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும். என்ன மாத்திரை, என்ன வேளை, கிரியேட்டினின் எவ்வளவு என்று எழுதினால் அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர், எந்த நேரத்தில் என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.